சங்கத்துப் பந்தலில் கிளச் மாற்றிய நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வளவுக்குள் நின்றவர்கள்: நான், என் மனைவி, வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அவளுடைய தம்பி. நாயையும் சேர்த்தால் நாலு. பத்து மணிக்கு மேல் வந்த நாற்பது பேரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களை நாங்கள் கூப்பிடவுமில்லை.

நான் பால் எடுக்கிறவன். கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியில் பதினேழு வீடுகளில் மாட்டுப் பால் எடுத்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிய கான்களில் ஊற்றி, ஏழரைக்கு முன்னர் கண்டி வீதியில் இருக்கும் பால் நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஏழரை தாண்டினால் வெயில் ஏறிவிடும், பால் திரைந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு உத்தியோகம் யார் தரப்போகிறார்கள்? அந்த மோட்டார் சைக்கிள்தான் என் உத்தியோகம்.

அதன் கிளச் வழுக்கத் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. சமதரையில் ஓடும். இரண்டு கானும் நிரம்பிய பிறகு குளக்கட்டில் ஏற்றினால் எஞ்சின் கத்தும், பின் சில்லு சுற்றாது. நான் இறங்கித் தள்ளுவேன். ஒவ்வொரு நாளும் விடிய நாலு மணிக்குக் கண் முழித்து, இன்றைக்கு ஏறுமா ஏறாதா என்று முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கராஜில் கேட்டால், "நாலு நாள் விட்டிட்டுப் போங்கோ, வரிசையில நிக்குது" என்றார்கள். நாலு நாள்! ஒரு நாள்கூட விட முடியாது. ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு பொடியன் புதிதாக ஓட்டோ எடுத்திருந்தான். பின்னுக்கு நாலு கான் வைக்கலாம். என்னைக் காணும்போதெல்லாம், "அண்ணை, ஏலாத நாளில சொல்லுங்கோ, நான் பாலை எடுத்துக்கொண்டு போய்க் குடுக்கிறன்" என்பான். மனதார உதவுகிற நல்ல பொடியன். எனக்குப் பயமே அதனால்தான். கெட்டவனென்றால் சனம் பால் கொடுக்காது.

ஆகவே முடிவெடுத்தோம்: ஞாயிறு காலைப் பாலைக் கொடுத்துவிட்டு வந்து எஞ்சினைத் திறப்பது, திங்கள் விடிய ஐந்தரைக்கு முன்னர் ஓடப்பண்ணுவது. மச்சான் வவுனியாவில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் நிற்கிறான். பாகங்களை விற்பான், பூட்டியதில்லை. ஆனால் போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் பாடம் என்று சொன்னான். கிளச் பிளேட்டும், எஞ்சினுக்கும் அதன் பக்கத்து மூடிக்கும் நடுவே வைக்கிற தாள் பக்கிங்கும் அவனே வாங்கி வந்தான்.

வேலை பார்க்க இடந்தான் இல்லை. சனி பின்னேரமே இடம் தேடத் தொடங்கினோம். எங்களுடையது வீட்டுத்திட்டத்து வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், குசினி. மோட்டார் சைக்கிளுக்கென்று தனி இடம் யாரும் கட்டித் தரவில்லை. கூடத்துக்குள் ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"போன கிழமைதான் மாபிள் பதிச்சது. ஒரு சொட்டு ஒயில் ஊத்துப்படட்டும் பாப்பம். நானும் சேந்து ஊத்துறன், மண்ணெண்ணெய்" என்றாள் மனைவி.

மாமரத்துக்குக் கீழே பார்த்தோம். மரம் முழுக்க முசுறு எறும்பு. கிணற்றடியில் நல்ல சீமெந்துத் தரை இருக்கிறது, ஆனால் ஒயில் கசிந்து கிணற்றுக்குள் போனால் என்ன செய்வது என்று அதையும் விட்டேன். மாட்டுக் கொட்டில் பக்கம் சாணி. முன் முற்றம் ஒன்றுதான் மிச்சம். ஆனால் அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. திறந்த எஞ்சினுக்குள் ஒரு பிடி மண் போனால் கதை முடிந்தது. மேலே மறைப்பு வேண்டும், மூன்று பக்கமும் மறைப்பு வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் பந்தல் சாமானெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில்தான் கிடக்கிறது. இரும்புக் குழாய்கள், வெள்ளைத் தறப்பாள், பிளாஸ்ரிக் கதிரைகள். வீடு வீதியோரம் என்பதால் என்னிடம் பொறுப்பாகத் தந்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு இலவசம். கலியாணம், சாமத்திய வீடு என்றால் நாளுக்கு இரண்டாயிரம் ரூபாய், ஒரு கதிரைக்கு இருபது ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு என்று சங்கத்துச் சட்டத்தில் இல்லை. தலைவரிடம் கேட்கலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். கேட்டால் ஓமென்பாரோ இல்லையென்பாரோ என்று பயமாக இருந்தது. கேட்காமல் பொழுதுபடக் கழற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வீதியோர வளவு, முன் முற்றம், வெள்ளைத் தறப்பாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறேன்.

எட்டரைக்குப் பந்தல் எழும்பிவிட்டது. குழாய் நடக் குழிகூட வெட்டவில்லை. போன வருடம் மாமா தவறியபோது நட்ட இடங்கள் அப்படியே இருந்தன. காற்று வருகிற பக்கங்களை இறுக்கிக் கட்டி, வீதிப் பக்கத்தை மட்டும் வெளிச்சத்துக்காகத் திறந்து விட்டோம். மணலில் ஸ்டாண்ட் புதையாமல் இருக்கப் பழைய கதவொன்றைப் படுக்கப்போட்டு அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். நெல் காயவிடும் சாக்குகளைச் சுற்றி விரித்தோம், விழுகிற திருகாணி மண்ணுக்குள் போகாதபடி. சாமான் வைக்க இரண்டே இரண்டு கதிரை எடுத்தேன். இரண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்லி வைக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அதற்குள் இருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளை வெளிச்சம், நிழல், காற்றில்லை. எந்தக் கராஜிலும் இவ்வளவு துப்புரவாக ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. மனைவி தைக்கிறவள். அவள் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, எஞ்சின் மூடியின் படத்தைக் கீறி, நான் கழற்றித் தந்த ஒவ்வொரு ஆணியையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தாள். சட்டைத் துண்டுகளை அவள் அப்படித்தான் மாறிப்போகாமல் வைப்பாள்.

"ஒன்பது ஆணி. எண்ணிப் பாருங்கோ" என்றாள்.

எண்ணினேன். ஒன்பது. திரும்பவும் எண்ணினேன்.

"அத்தான், எண்ணி எண்ணியே தேஞ்சு போகும்" என்றான் மச்சான். அவன் என் போனைக் கையில் வைத்து வீடியோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "இந்தா, திரும்ப ஆரோ எடுக்கினம். நல்ல இடத்தில நிப்பாட்டிப் போடுகினம்" என்று சொல்லி அழைப்பை வெட்டினான். அதற்குள் நாலைந்து தரம் வெட்டியிருப்பான். என் வாழ்க்கையில் போனை எடுக்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

ஒயிலை வடித்தாயிற்று. மூடியைக் கழற்றியாயிற்று. பழைய பக்கிங் தூள் தூளாக வந்தது. தேய்ந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசல் படலைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ... என்ர தங்கச்சி..."

என் பால் வரிசையில் முதல் வீட்டு அக்காவின் குரல் அது. நாலு மாடு வைத்திருக்கிறவா. குடும்பியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, சாக்கில் இருந்த என் மனைவியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தா. என் மனைவியும் உடனே, "ஐயோ அக்கா!" என்று குழறினாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள்.

யாரோ தவறிவிட்டார்கள். மாமியாகத்தான் இருக்கும். மச்சானுக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். கையில் இருந்த ஸ்பனரை எறிந்துவிட்டு, "அம்மா! விடிய எனக்குப் புட்டு அவிச்சுத் தந்தவாவே!" என்று தலையில் அடித்தான். அதைக் கேட்டதும் என் மனைவி இன்னும் பலமாகக் கத்தினாள். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலிருந்து, இரண்டு கையிலும் கறுத்த பிளேட்டுகளோடு நானும் அழுதுகொண்டு எழும்பினேன்.

அக்கா என்னைக் கண்டா. அழுகை நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

"நீ உயிரோடயோ நிக்கிறாய்?"

"ஓம் அக்கா."

"அப்ப ஆர் செத்தது?"

"நீங்களல்லோ சொல்ல வேணும்" என்றாள் என் மனைவி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நானெப்பிடிச் சொல்லுறது? உங்கட வீட்டிலயல்லோ பந்தல்!"

ஒருவரையொருவர் பார்த்தோம். மச்சான்தான் முதலில் விளங்கிக்கொண்டான். சாக்கில் விழுந்து உருண்டு சிரிக்கத் தொடங்கினான். அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டா.

"போன கிழமையும் என்ர படலையில நிண்டு நெஞ்சு படபடக்குது எண்டு சொன்னனீயெல்லே? பந்தலைக் கண்டிட்டுப் போன் எடுத்தா, கட்டாகிக் கட்டாகிப் போகுது. நான் வேற என்னத்தை நினைக்கிறது? கிளச் மாத்துறதுக்கு ஆராவது வெள்ளைப் பந்தல் போடுவினமே?"

பிறகு நான் மனைவியிடம் கேட்டேன், யாரென்று தெரியாமல் நீ ஏன் அழுதாய் என்று. "அவா அழுதுகொண்டு வாறா. நான் ஆரெண்டு விசாரிச்சுக்கொண்டு இருக்கிறதே? அழுதிட்டுத்தானே கேக்கிறது" என்றாள். அதுவும் சரிதான். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. கலியாணத்துக்குக் கார்ட் வேண்டும். செத்த வீட்டுக்குப் பந்தல் தெரிந்தால் போதும்.

ஆனால் அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்ததாகச் சொன்ன விஷயந்தான் எனக்குச் சிரிப்பை நிறுத்தியது.

"தம்பி, நான் ஒரு வேலை செய்துபோட்டன். வரேக்க ஓட்டோத் தம்பிக்குச் சொல்லிப்போட்டு வந்தனான், நாளைக்கு விடியப் பாலை எடுக்கச் சொல்லி. மாடு பொறுக்காதெல்லே. பின் வளவுக்காரரும் சொன்னவை எண்டு நினைக்கிறன்."

என் சாவுச் செய்தி ஊர் முழுக்கப் போய்ச் சேருவதற்கு முன்னரே என் பால் கைமாறிவிட்டது. எஞ்சின் திறந்து கிடக்கிறது. திங்கள் விடிய நான் போகாவிட்டால் செத்ததும் செத்ததுதான்.

அதன் பிறகு வேலை செய்யவே விடவில்லை. சனம் வந்துகொண்டேயிருந்தது. வருகிறவர்கள் படலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். என்னைக் கண்டதும் திகைப்பார்கள். அக்கா பந்தல் வாசலில் நின்று, "சாகேல்லை, சாகேல்லை, கிளச்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. சாகவில்லை என்று தெரிந்த பிறகாவது போக வேண்டும்தானே? வந்ததற்கு இருந்துவிட்டுப் போவோம் என்று பின்பக்கம் போய்த் தாங்களே கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து தேநீர்ப் பானை வந்தது. மூலையில் நாலு பேர் சீட்டுக்கட்டை எடுத்துக் கடதாசி விளையாடத் தொடங்கினார்கள். சுருட்டைப் பற்றவைத்த ஒருவரைப் பெற்றோல் இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினேன்.

பதினொரு மணிபோல் ஓட்டோப் பொடியன் வெள்ளைச் சேட்டோடு வந்தான். என்னைக் கண்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான், அதை மறைக்கக் கூடாது. பிறகு எஞ்சினைப் பார்த்தான்.

"அண்ணை, இது இண்டைக்கு முடியுமே?"

"முடியும்."

"இல்லை, முடியாட்டி ஒண்டும் யோசியாதேங்கோ. நாளைக்கு நான்..."

"முடியும் எண்டு சொன்னனான்தானே!"

புதிய பிளேட்டுகளை ஒயிலில் ஊறவிட்டு எடுத்து, ஒன்றுவிட்டொன்றாக அடுக்கி, சுருள்வில்களைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரையாகிவிட்டது. இனிப் பக்கிங்கை வைத்து மூடியைப் பூட்டினால் சரி. பக்கிங்கைக் காற்றுக்குப் பறக்காமல் முன்னாலிருந்த கதிரையின் பள்ளத்தில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சங்கத் தலைவர் வந்தார். பெரிய உடம்பு. கக்கத்தில் சங்கத்து ஃபைல், சேட்டுப் பையில் ஒரு வெள்ளை என்வலப். சாவு நடந்த வீட்டுக்கு உடனே கொடுக்கிற காசு அதற்குள்தான் இருக்கும். தலையைக் குனிந்தபடி வந்து, முன் கதிரையில் அமர்ந்து, பெருமூச்சு விட்டு, ஃபைலைத் திறந்து பேனையை எடுத்தார். பிறகுதான் கேட்டார்.

"எத்தினை மணிக்குத் தம்பி பிரிஞ்சது?"

"ஒன்பது மணிக்கு அண்ணை. இனித்தான் பூட்ட வேணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். அதில் என் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார். பந்தலுக்குள் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பெயரை அடிமட்டம் வைத்துக் கோடு கீறி வெட்டினார். என்வலப்பைப் பையின் அடிக்குத் தள்ளினார்.

"அப்ப இது சாவு இல்லை. வாடகைக்குத்தான் போடவேணும்" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

கதிரையில் என் பக்கிங் மூன்று துண்டாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடையும் இல்லை. பக்கிங் இல்லாமல் பூட்டினால் ஒயில் முழுக்க வெளியே வந்துவிடும். ஓட்டோப் பொடியன் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். நான் கதவுப் பலகையில் அப்படியே இருந்துவிட்டேன்.

என் மனைவி குனிந்து மூன்று துண்டையும் எடுத்தாள். விரலால் தடவித் தடிப்பைப் பார்த்தாள்.

"இது மட்டைதானே? சும்மா மட்டை."

"மட்டைதான் அக்கா. ஆனா கழுத்தளவு, கையளவு எல்லாம் சரியா வரவேணும்" என்றான் மச்சான்.

"எனக்குச் சட்டை வெட்டப் பழக்காத."

அட்டைப் பெட்டி தடிப்புக் கூட. சீமெந்துப் பேப்பர் மெல்லிசு. அவளுடைய கண் தலைவரின் கக்கத்தில் போய் நின்றது.

"இது சங்கத்துச் சொத்து" என்றார் தலைவர், ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"கிழிஞ்ச பக்கிங்கின்ர மேல இருந்ததும் சங்கத்துச் சொத்துத்தான்" என்றா முதல் வீட்டு அக்கா.

பந்தல் குலுங்கியது. தலைவருக்கும் அப்போது சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த தாள்களையெல்லாம் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மட்டையை நீட்டினார்.

அவள் எஞ்சின் மூடியைக் கவிழ்த்துவைத்து, அதன் விளிம்பில் மட்டையைப் போட்டு, ஒயில் கறுப்புத் தொட்ட விரலால் சுற்றிவர அழுத்தினாள். மூடியின் உருவம் மட்டையில் அப்படியே விழுந்தது. அவளுடைய கத்தரிக்கோலை நான் ஒரு நாள் கயிறு வெட்ட எடுத்ததற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்காதவள். அன்று ஒயில் மட்டையை அதே கத்தரிக்கோலால் வெட்டினாள். கடதாசி விளையாடியவர்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மட்டையில் சங்கத்தின் பெயர் அச்சடித்திருந்தது. "அந்த மரண எண்ட சொல்லு எஞ்சினுக்குள்ள வேண்டாமப்பா" என்று நான் மெல்லமாகச் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்துத்தான் வெட்டினாள். அந்தச் சொல் நடுத் துண்டோடு போய்விட்டது.

ஒன்பது துளை. அட்டையில் குத்தியிருந்த ஒன்பது ஆணி. ஒரு ஆணிகூடப் பிசகவில்லை.

மூடியைப் பூட்டி, புது ஒயில் ஊற்றி, மூன்று மணிக்கு ஸ்டார்ட்டரை உதைத்தேன். முதல் உதையில் வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது, ஆனால் அந்தச் சபையில் அதைச் சொல்ல முடியுமா? மூன்றாவதில் பிடித்தது. எல்லோரும் குனிந்து மூடியின் விளிம்பைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒயில் கசியவில்லை.

பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றான் மச்சான். கான் இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டினோம். இன்னும் பாரம் வேண்டும் என்றபோது ஓட்டோப் பொடியன்தான் வந்து பின்னால் ஏறினான். வெள்ளைச் சேட்டோடு. குளக்கட்டு அடியில் நான் கண்ணை மூடியிருப்பேன் என்று நினைக்கிறேன். மோட்டார் சைக்கிள் கத்தாமல், இழுத்துக்கொண்டு ஏறியது. கட்டின் மேலே நின்று பார்த்தால் தூரத்தில் எங்கள் முற்றத்தில் வெள்ளைப் பந்தல் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் யாராக இருந்தாலும் வந்துதான் இருப்பார்கள்.

"நல்லா இழுக்குது அண்ணை" என்றான் பொடியன். "எதுக்கும் நாளைக்கு நான் அக்கா வீட்டடியில நிக்கிறன். சொல்லிப்போட்டா. வராமல் விட்டாலும் சரியில்லை."

திங்கள் விடிய ஐந்து இருபதுக்கு நான் போனபோது அவனுடைய ஓட்டோ அங்கே நின்றது. அக்கா வாளியோடு படலைக்கு வந்து, இருவரையும் பார்த்து, "உயிரோட இருக்கிறவனுக்கே ஊத்துறன்" என்று சொல்லி என் கானில் ஊற்றினா. பொடியன் சிரித்துக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினான். பதினேழு வீடும் ஊற்றின. ஒவ்வொரு படலையிலும் என் செத்த வீட்டைப் பற்றி ஒரு பகிடி. ஏழு பத்துக்குப் பால் நிலையத்தில் நின்றேன்.

இப்போது வீட்டுக்குப் பின்னால், வீதிக்குத் தெரியாத பக்கத்தில், நாலு பனைமரத் தூண் நட்டுக் கிடுகு போட்ட ஒரு கொட்டில் இருக்கிறது. தரைக்கு உடைந்த ஓடும் கொஞ்சச் சீமெந்தும். அதே பழைய கதவு, வீட்டுச் சுவரில் அன்று ஆணி குத்திய அட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேர் தங்கள் மோட்டார் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். பக்கிங் வெட்டுவது மனைவி. தறப்பாள் மட்டும் கட்டுவதில்லை.

கணக்கைச் சொல்ல வேண்டும். தலைவர் பில் எழுதித் தந்தார். பந்தல் இரண்டாயிரம், ஃபைல் மட்டை அறுபது, அவர் இருந்து உடைத்த பக்கிங்குக்காக முந்நூற்றெண்பது கழிவு. கதிரை இருபத்துநாலு. அதில்தான் பிரச்சினை. நான் எடுத்தது இரண்டு. அதற்கு நாற்பது ரூபாயையும் சேர்த்து, ஆயிரத்து எழுநூற்றிருபதைப் பால் காசு வந்ததும் கொண்டுபோய்க் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன். "மிச்சக் கதிரையை நான் எடுக்கேல்லை அண்ணை, வந்த சனந்தான் எடுத்துப் போட்டது" என்றேன். "ஆரின்ர செத்த வீட்டுக்கு வந்த சனம்?" என்று கேட்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்புகிற கேள்வி அது. இரவில் படுத்தால் எனக்கும் அந்த யோசனைதான். சங்கத்துப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே இன்னும் நிற்கிறது, இருபத்திரண்டு கதிரை: நானூற்று நாற்பது ரூபாய்.